விமானப்படை பைலட்டுகள் ஏன் சேர்கிறார்கள், ஏன் விலகுகிறார்கள், அப்புறம் எங்கே பறக்கிறார்கள்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சூலூர் விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்தில்தான் எங்கள் வீடு. இந்திய விமானப்படையில் 21 வருஷம் இருந்தேன். பெரும்பகுதி ஏ.என்-32 சரக்கு விமானம், அதன் பிறகு பயணிகள் விமானம். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும், பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டாலும், அபார்ட்மென்ட் லிஃப்டில் மாட்டிக்கொண்டாலும் இதே கேள்விகள்தான் வருகின்றன. லிஃப்டில் பதில் சொல்லி முடிப்பதற்குள் மாடி வந்துவிடுகிறது. அதனால் கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி, பதிலையும் எழுதி வைத்திருக்கிறேன்.

"சார், அக்னிவீர்ல சேர்ந்தா பைலட் ஆகலாமா?"

ஆக முடியாது. விமானப்படையில் விமானம் ஓட்டுபவர்கள் எல்லோரும் அதிகாரிகள். நாலு வருஷத்துக்கு, அதிகாரிகளுக்குக் கீழான நிலையில், அக்னிவீராகச் சேர்பவர்களுக்கு வேறு வேலைகள் இருக்கின்றன. அந்த வேலைகள் நடக்காமல் ஒரு விமானமும் கிளம்பாது என்பது உண்மை. ஆனால் பைலட் சீட்டுக்குப் போகிற வழி அது இல்லை.

பிளஸ் டூ முடித்ததும் போக வேண்டுமென்றால் என்.டி.ஏ., அதாவது தேசிய பாதுகாப்பு அகாடமித் தேர்வு. வயது பதினாறரையிலிருந்து பத்தொன்பதரைக்குள் இருக்க வேண்டும். தேறினால் புனே பக்கம் கடக்வாஸ்லாவில் மூன்று வருஷம், பிறகு ஹைதராபாத் பக்கம் துண்டிக்கல்லில் உள்ள விமானப்படை அகாடமி. பட்டதாரிகளுக்கு சி.டி.எஸ்., ஏ.எஃப்.கேட் என்ற தேர்வுகள் இருக்கின்றன. வயது 20 முதல் 24. ஏ.எஃப்.கேட் வழியாக வரும் பைலட்டுகளுக்குக் கிடைப்பது குறுகியகால கமிஷன், அதாவது 14 வருஷத்துக்கு மட்டுமான அதிகாரி நியமனம். இந்த 14 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி வரும்.

"நான் பி.காம். வழி இருக்கா?"

பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் படித்திருந்தால் இருக்கிறது. ஏ.எஃப்.கேட்டுக்கு எந்தப் பட்டமானாலும் சரி, 60 சதவீத மதிப்பெண் வேண்டும். பிளஸ் டூவில் கணக்கே இல்லையென்றால் வழி இல்லை. இதைப் பத்தாம் வகுப்பு முடிக்கும்போது யாரும் சொல்வதில்லை என்பதுதான் வருத்தம்.

"கண்ணாடி போட்டிருந்தா அவ்வளவுதானா?"

அவ்வளவுதான் என்று சொல்ல முடியாது, ஆனால் வரம்பு ரொம்பக் குறுகலானது. ஒரு கண்ணில் 6/6, அதாவது இயல்பான பார்வை, இன்னொன்றில் 6/9 இருந்து அது கண்ணாடியால் 6/6 ஆக வேண்டும். நிறக்குருடு இருக்கக் கூடாது. உயரம் குறைந்தது 162.5 சென்டிமீட்டர். கால் நீளம், தொடை நீளம், உட்கார்ந்த நிலை உயரம் எல்லாவற்றையும் தனித்தனியாக அளப்பார்கள். ரொம்ப நெட்டையாக இருப்பதும் குறைதான். ஆபத்தில் எஜெக்ட் ஆகி இருக்கையோடு வெளியே தூக்கி வீசப்படும்போது முழங்கால் முன்பலகையில் இடிக்கக் கூடாதே. பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு நல்ல கண் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

இன்னொன்று. நேர்முகத் தேர்வோடு கணினியில் ஒரு பைலட் திறன் சோதனை நடக்கும். கை, கால், கண், காது எல்லாம் சேர்ந்து வேலை செய்கிறதா என்று பார்ப்பது. வாழ்நாளில் ஒரே முறைதான். அதில் தவறினால் பைலட் பிரிவுக்கு மறுபடி வர முடியாது.

"நமக்கு இந்தி வராதே?"

எனக்கும் வரவில்லை. தேர்வு வாரியத்தில் ஆங்கிலம், விமான ரேடியோவில் ஆங்கிலம். இந்தியை மெஸ்ஸில் சாப்பாடு கேட்டே ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம்.

"உண்மையைச் சொல்லுங்க, எல்லாரும் தேசபக்தியிலதான் சேர்றாங்களா?"

இந்தக் கேள்வியைப் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் கேட்டான். அவன் அப்பா பக்கத்தில் நெளிந்தார். நல்ல கேள்வி, எனவே கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

என்னோடு பயிற்சியில் இருந்தவர்களில் ஒருவன் சேர்ந்தது, அப்பாவும் தாத்தாவும் படையில் இருந்ததால். வேறு வேலை இருப்பதே அவனுக்குத் தெரியாது. ஒருவனுக்குப் பறக்க ஆசை, வெளியே கமர்ஷியல் லைசென்ஸ் படிக்க அரைக் கோடிக்கு மேல் ஆகும், வீட்டில் அந்தப் பணம் இல்லை. ஒருவன் ஒரு பெண்ணிடம் சவால் விட்டுவிட்டு வந்தான். நான்? பள்ளிக்கூடத்து மேலே விமானம் போகும்போது வாத்தியார் பேசுவதை நிறுத்துவார். அவரையே வாயடைக்க வைக்கிறதே என்ற பிரமிப்பு. தேசபக்தி எங்கள் எல்லோருக்கும் இருந்தது, ஆனால் அதை யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. பேசினால் மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள்.

நான் கவனித்தது, உள்ளே இழுத்த காரணம் இரண்டு மூன்று வருஷத்தில் தீர்ந்துபோகும். விமானம் பழகிவிடும், சீருடை பழகிவிடும். அதற்குப் பிறகு ஒருவரை அங்கே வைத்திருப்பது ஸ்குவாட்ரன், அதாவது சேர்ந்து பறக்கும் பிரிவு. காலை ஐந்து மணிக்கு ஒரே அறையில் உட்கார்ந்து வானிலை கேட்ட இருபது பேர். அவர்கள் முன்னால் மோசமாகப் பறந்துவிடக் கூடாது என்ற எண்ணம், பதக்கத்தையும் சம்பளத்தையும் விட வலுவானது. எனக்கு இன்னொன்றும் இருந்தது. அருணாசலில் சாலை போகாத ராணுவச் சாவடிகளுக்கு வானிலிருந்து மூட்டை போடுவோம். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய். பள்ளத்தாக்குக்குள் இறங்கி, பின்கதவைத் திறந்து, சில வினாடிக்குள் தள்ளிவிட்டு, எதிரே மலை நெருங்குவதற்குள் திரும்ப வேண்டும். கீழேயிருந்து ரேடியோவில் "கிடைத்தது" என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்காகவே நான் ஐந்தாறு வருஷம் கூடுதலாக இருந்தேன் என்று நினைக்கிறேன்.

"ஃபைட்டர் கிடைக்காதவங்கதான டிரான்ஸ்போர்ட்டுக்குப் போறாங்க?"

இதைக் கேட்பவர்களுக்கு எங்கள் வீட்டில் காபி கிடையாது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். துண்டிக்கல்லில் எல்லோரும் பிலாட்டஸ் பி.சி-7 என்ற சின்ன விமானத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். அதன் பிறகு மூன்றாகப் பிரிப்பார்கள். போர் விமானக்காரர்கள் கடைசியில் பீதரில் ஹாக் ஜெட்டுக்குப் போவார்கள்; சரக்கு விமானக்காரர்கள் எலஹங்காவுக்கு, ஹெலிகாப்டர்காரர்கள் ஹக்கிம்பேட்டுக்கு. விருப்பம் கேட்பார்கள், மதிப்பெண் பார்ப்பார்கள், அந்த வருஷம் எங்கே எத்தனை பேர் தேவை என்றும் பார்ப்பார்கள்.

பெரும்பாலான பையன்களின் முதல் விருப்பம் போர் விமானம்தான், மறுக்கவில்லை. ஆனால் தனியாக நொடியில் முடிவெடுக்கிற மனசு வேறு, ஐந்து பேர் குழுவை வைத்துக்கொண்டு லே மாதிரி 10,000 அடிக்கு மேலிருக்கிற ஓடுதளத்தில் நிதானமாக இறக்குகிற மனசு வேறு. லடாக்கில் தவுலத் பேக் ஓல்டி 16,600 அடி உயரத்தில் இருக்கிறது. 43 வருஷம் விமானமே இறங்காமல் கிடந்த அந்த மண்தளத்தில் 2008 மே மாதம் மறுபடி இறங்கியது ஒரு ஏ.என்-32.

"சம்பளம் எவ்வளவு? வெளியில லட்சக்கணக்குல தர்றாங்களே?"

ஏழாவது ஊதியக்குழுக் கணக்குப்படி புது அதிகாரியின் அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். அதோடு ராணுவப் பணி ஊதியம் 15,500. பைலட்டுக்குப் பறக்கும் படி மாதம் 25,000 என்று நிர்ணயித்தார்கள். இவற்றோடு அகவிலைப்படி, குடியிருப்பு, மருத்துவம், கேன்டீன் எல்லாம் உண்டு. 22 வயதில் இது நல்ல சம்பளம்தான். விமான நிறுவனத்தில் கேப்டனாக இருக்கும் அதே வயதுக்காரரோடு 38 வயதில் ஒப்பிட்டால் பல மடங்கு வித்தியாசம் தெரியும். ஆனால் பயிற்சிக்கு நம் கையிலிருந்து ஒரு ரூபாய்கூடப் போகவில்லை என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

"பயமா இருக்காதா?"

இருக்கும். 2016 ஜூலை 22 காலை தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏ.என்-32, வங்காள விரிகுடாவுக்கு மேலே காணாமல் போனது. 29 பேர். சூலூரில் இருக்கும் 33ஆம் ஸ்குவாட்ரனின் விமானம் அது. பல வாரம் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. 2024 ஜனவரியில்தான், சென்னைக் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 310 கிலோமீட்டர் தள்ளி, 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகள் கிடந்ததை ஒரு ஆளில்லா நீர்மூழ்கிக் கருவி படம் எடுத்தது. ஏழரை வருஷம்.

விமானம் காணாமல் போன செய்தி வந்த மறுநாளும் பறக்க வேண்டியவர்கள் பறந்தார்கள். வீரம் என்றெல்லாம் பெரிதாகச் சொல்ல மாட்டேன். விமானத்துக்குள் செய்வதற்கு வரிசையாக வேலை இருக்கும், பயத்துக்கு முறை வருவதில்லை. பயம் வருவது வீட்டில், ராத்திரியில், பெரும்பாலும் மனைவிக்கு.

"எஜெக்ட் ஆனா மறுபடி பறக்க விடுவாங்களா?"

முதுகெலும்பு என்ன சொல்கிறது என்பதைப் பொறுத்தது. இருக்கை வெளியே பாயும்போது உடம்பின் எடை சில கணம் பல மடங்காகிறது, அதில் எலும்பு நசுங்கக்கூடும். மருத்துவ வாரியம் பறக்கலாம் என்று சொன்னால்தான் பறக்கலாம்.

இரண்டு உதாரணமும் நம் நாட்டிலேயே இருக்கிறது. 2019 பிப்ரவரி 27 அன்று மிக்-21இலிருந்து வெளியேறிப் பாகிஸ்தானில் பிடிபட்ட அபிநந்தன் வர்த்தமான், அதே வருஷம் செப்டம்பரில் பதான்கோட்டில் மிக்-21இலேயே பறந்தார். கார்கிலில் 1999 மே 27 அன்று மிக்-27இலிருந்து வெளியேறிப் பிடிபட்ட நச்சிகேதா, காயத்துக்குப் பிறகு சரக்கு வகை விமானங்களுக்கு மாறினார். போர் விமானம் போனாலும் பறப்பது போகவில்லை.

"ஒருத்தரைக் கொல்ற வேலைதான இது? மனசு உறுத்தாதா?"

ஒரு கல்லூரிப் பெண் கேட்டது. நான் மூட்டை போட்டவன், குண்டு போட்டவன் இல்லை என்று தப்பித்துக்கொள்ளப் பார்த்தேன். அது முழு உண்மை ஆகாது. 1971 போரில் ஏ.என்-12 சரக்கு விமானங்களில் குண்டு ஏற்றிப் போய்ப் போட்டிருக்கிறார்கள். நான் இறக்கிவிட்ட பெட்டிகளில் எல்லாமே அரிசியும் இல்லை.

போர் விமான நண்பர்களிடம் கேட்டிருக்கிறேன். அவர்களில் பலர் போர் என்ற ஒன்றைப் பார்க்காமலேயே ஓய்வு பெற்றவர்கள். பார்த்த ஒருவர் சொன்னது: மேலே இருக்கும்போது இலக்கு ஒரு எண், அதற்கு முகம் கிடையாது, அப்படி இருப்பதுதான் பின்னால் உறுத்துகிறது. இதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை. உறுத்தவே உறுத்தாது என்று சொல்பவரை நான் நம்புவதில்லை.

"அவ்வளவு பிடிச்சிருந்தா ஏன் விட்டீங்க?"

மேஜை. வேறொன்றும் பெரிதாக இல்லை. 13 வருஷத்தில் விங் கமாண்டர் பதவிக்கு வந்துவிடலாம். அதற்கு மேல் போகப் போகப் பறப்பது குறையும், கோப்பு கூடும். பறப்பதற்காக வந்தவனை, நன்றாகப் பறந்தாய் என்று பாராட்டி நாற்காலியில் உட்கார வைப்பார்கள். கூடவே மகளின் பத்தாம் வகுப்பு. ஏழு பள்ளிக்கூடம் மாறியிருந்தாள். "அப்பா, இந்த வருஷமாவது ஒரே பிரெண்ட்ஸோட இருக்கேன்" என்றாள். விண்ணப்பம் எழுதிவிட்டேன்.

விண்ணப்பித்தால் விட்டுவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். ஒரு பைலட்டை உருவாக்கப் பல கோடி ஆகிறது, அதனால் அவ்வளவு சுலபமாக விடுவதில்லை. எனக்கு உடனே கிடைக்கவில்லை, காத்திருந்துதான் வாங்கினேன்.

"குறுகியகால கமிஷன்ல 14 வருஷம் முடிச்சா பென்ஷன் உண்டா?"

கிடையாது. நிரந்தர கமிஷனில் 20 வருஷம் முடித்தவருக்கு உண்டு. முதல் கேள்வியில் ஞாபகம் வைக்கச் சொன்ன எண் இதற்காகத்தான்.

ஆனால் இதை இழப்பு என்று மட்டும் பார்க்காதீர்கள். 14 வருஷம் முடிகிறபோது வயது 36, 37. விமான நிறுவனத்தில் 65 வயது வரை பறக்கலாம், அப்படியென்றால் முழுசாக 28 வருஷம். நான் போனபோது எனக்கு 43. பென்ஷனும் வந்தது, சம்பளமும் வந்தது, ஆனால் எனக்கு முன்னால் சேர்ந்த முப்பது வயதுக்காரர்கள் பணிமூப்பில் மேலே இருந்தார்கள். இதில் யார் லாபம் என்று எங்கள் பேட்ச்சில் இன்னும் சண்டை நடக்கிறது.

"ஏர்ஃபோர்ஸ் பைலட்டுன்னா நேரா ஏர்பஸ்ல உட்கார்ந்துடலாமா?"

இல்லவே இல்லை. சிவில் லைசென்ஸ் தருவது மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. விமானப்படையில் பறந்த மணிகளை லாக் புக்கில் சான்றளித்து வாங்கிக் கணக்கில் சேர்க்கலாம். ஆனால் தேர்வுகளை எழுதத்தான் வேண்டும்: விமான விதிகள், வழிகாட்டல், வானிலை, தொழில்நுட்பம், ரேடியோவுக்குத் தனி லைசென்ஸ். கேப்டன் ஆவதற்கான உயர் லைசென்ஸுக்கு 1,500 மணி நேரம் வேண்டும். முதல் வகுப்பு மருத்துவச் சான்றும் வேண்டும். நாற்பது வயதில், விடுமுறையில், மகள் ஒரு பக்கம் அறிவியல் படிக்க, நான் ஒரு பக்கம் வானிலை படித்தேன். ஒரு தாளில் முதல் முறை தவறினேன். வீட்டில் அதை இன்றுவரை மறக்கவில்லை.

அப்புறம் அந்தந்த விமானத்துக்கான தனித் தகுதி. ஏர்பஸ் ஏ-320 என்றால் அதற்கென்று சிமுலேட்டர் பயிற்சி. அங்கே பழைய பழக்கம் சண்டை போடும். ரஷ்ய வகை விமானங்கள் சிலவற்றில் சாய்வைக் காட்டும் கருவியில் குட்டி விமானப் படம் சாயும், அடிவானக் கோடு நிற்கும். ஏர்பஸ்ஸில் கோடு சாயும், படம் நிற்கும். களைத்துப்போயிருக்கும்போது மூளை பழையதைத் தேடும்.

"விங் கமாண்டரா இருந்துட்டு, சின்னப் பையனுக்குக் கீழ உட்கார்றது கஷ்டமா இல்லையா?"

முதல் மாதம் இருந்தது. இடது சீட் கேப்டனுக்கு. நான் வலது சீட்டில். என் முதல் கேப்டனுக்கு 31 வயது, நான் ஏ.என்-32 ஓட்ட ஆரம்பித்தபோது அவர் ஆரம்பப் பள்ளியில் இருந்திருப்பார். நான் அவரை "சார்" என்றேன். அவர் சங்கடத்தில் என்னை "சார்" என்றார். இரண்டு பேரும் மாற்றி மாற்றி "சார்" சொல்லிக்கொண்டே மதுரையில் இறங்கினோம்.

கஷ்டம் பதவியில் இல்லை, பழக்கத்தில் இருந்தது. படையில், போன வேலையை முடித்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும் என்று வளர்க்கிறார்கள். பயணிகள் விமானத்தில் ஓடுதளத்தை நெருங்கும்போது ஏதாவது சரியில்லையென்றால் மறு யோசனை இல்லாமல் மேலே ஏறிச் சுற்றி வர வேண்டும். அதை யாரும் தோல்வியாக எழுத மாட்டார்கள், நமக்குத்தான் உள்ளே குத்தும். அந்தக் குத்தல் போக எனக்கு ஒரு வருஷம் ஆனது. கர்வத்தை வாசலில் விட முடியாத இரண்டு நண்பர்கள் பயிற்சியிலேயே விலகிவிட்டார்கள். இருவரும் என்னைவிட நன்றாகப் பறப்பவர்கள்.

"ஃபைட்டர் பைலட்டுக்கு ஏர்லைன்ஸ்ல மவுசு அதிகமா?"

மவுசு இருக்கும், மணி இருக்காது. போர் விமானம் ஒரு முறை கிளம்பினால் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் திரும்பிவிடும். வருஷத்துக்கு 200 மணி கிடைத்தாலே நல்ல வருஷம். விமான நிறுவனத்திலோ வருஷத்துக்கு 1,000 மணிக்கு மேல் போகக் கூடாது என்று சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியிருக்கிறது. லாக் புக்கை வைத்துப் பார்த்தால் எங்களைப் போன்ற சரக்குக்காரர்கள் கை ஓங்கும். எங்கள் வீட்டில் காபி கிடைக்காதவர்களுக்கு நான் காட்டும் கணக்கு இது.

கடற்படையில் இன்னும் சுவாரசியம். அரக்கோணம் ராஜாளி தளத்தில் இருக்கும் பி-8ஐ கண்காணிப்பு விமானம், போயிங் 737-800இலிருந்து உருவாக்கியதுதான். அதை ஓட்டியவருக்கு 737 அந்நியம் இல்லை.

ஆனாலும் அமெரிக்காவின் சல்லன்பெர்கர், பயணிகள் விமானத்துக்கு வருவதற்கு முன் ஃபேண்டம் போர் விமானம் ஓட்டியவர். 2009 ஜனவரி 15 அன்று இரண்டு எஞ்சினும் நின்றுபோன ஏ-320ஐ ஹட்சன் ஆற்றில் இறக்கி 155 பேரும் பிழைக்கக் காரணமானவர். அவரைச் சொல்லி போர் விமான நண்பர்கள் என் வாயை அடைத்துவிடுவார்கள்.

"பொண்ணு கேட்கிறா. அனுப்பலாமா?"

1990களிலிருந்து பெண்கள் சரக்கு விமானமும் ஹெலிகாப்டரும் ஓட்டுகிறார்கள். 2016 ஜூனில் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் மூவரும் முதல் போர் விமானப் பெண் பைலட்டுகளாக ஆனார்கள். 2022இலிருந்து என்.டி.ஏ.விலும் பெண்கள் சேர்கிறார்கள். உடல் அளவு, கண், கணினிச் சோதனை எல்லாம் மேலே சொன்ன மாதிரிதான். "மாப்பிள்ளை கிடைப்பாரா" என்ற துணைக்கேள்விக்கு இந்தப் பக்கத்தில் பதில் இல்லை.

"ஹெலிகாப்டர் ஓட்டினவங்க அப்புறம் என்ன பண்றாங்க?"

விமான நிறுவனம் அவர்களுக்கு அவ்வளவு எளிதில்லை. இறக்கை விமானத்துக்குத் தனி லைசென்ஸ், தனி மணிக்கணக்கு. ஆனால் மும்பைக் கடலில் பாம்பே ஹை எண்ணெய்த் தளங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஹெலிகாப்டர்கள், கேதார்நாத் யாத்திரை, மாநில அரசு ஹெலிகாப்டர்கள் என்று வேலை உண்டு. மலை யாத்திரை வேலை சுலபமானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

"ஏர்லைன்ஸ் தவிர வேற வழியே இல்லையா?"

நிறைய. தாம்பரத்துப் பயிற்றுநர் பள்ளியில் தேறியவர்கள் சிவில் பறப்புப் பள்ளிகளில் சொல்லித் தருகிறார்கள். மருத்துவத் தகுதி போனவர்கள் சிமுலேட்டரில் பயிற்சி தரலாம். ட்ரோன் பயிற்சிப் பள்ளிகள் இப்போது நிறைய முளைத்திருக்கின்றன. சோதனை பைலட்டுகளுக்கு அரசு விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்.ஏ.எல். இருக்கிறது. 1984இல் விண்வெளிக்குப் போய்வந்த ராகேஷ் சர்மா பின்னர் அங்கேதான் தலைமைச் சோதனை பைலட்டாக இருந்தார். விண்வெளிக்கு ஆள் அனுப்பும் ககன்யான் திட்டத்துக்குத் தேர்ந்தெடுத்த நால்வரும் விமானப்படைச் சோதனை பைலட்டுகள்தான். அவர்களில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர்.

என் பழைய கமாண்டிங் ஆபீசர் பொள்ளாச்சியில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். விமானமே வேண்டாம் என்கிறார். ரயிலில்தான் போவார்.

"பின்னால ஏர்லைன்ஸ் போறதுக்காகவே ஏர்ஃபோர்ஸ்ல சேர்ந்தா தப்பா?"

தப்பில்லை, ஆனால் கணக்கு உதைக்கும். நீங்கள் சேரும்போது இருக்கும் விமானத் துறை, வெளியே வரும்போது இருக்காது. நான் பார்த்த காலத்திலேயே பெரிய நிறுவனங்கள் இரண்டு மூன்று மூடிவிட்டன. 2020இல் கொரோனாவில் பயணிகள் விமானங்கள் தரையில் நின்றன. படை உங்களைச் சரக்கு விமானத்தில் போடும் என்றும் உறுதி இல்லை. பணம் மட்டும்தான் குறி என்றால், கடன் கிடைக்குமானால், நேராக கமர்ஷியல் லைசென்ஸ் எடுத்துவிடுங்கள். அருணாசலில் காலை ஐந்து மணிக்குக் குளிரில் எழுந்திருக்க வேறு ஏதாவது காரணம் வேண்டும். எப்படிப்பட்ட காரணம் என்று மேலே தேசபக்திக் கேள்வியில் எழுதியிருக்கிறேன்.

"இப்பவும் சூலூர் மேல தேஜஸ் ஃபைட்டர் போனா நிமிர்ந்து பார்ப்பீங்களா?"

பார்ப்பேன். காங்கேயம்பாளையம் பக்கம் ஒரு டீக்கடை உண்டு. ஓய்வு பெற்ற நாலு பேர் அங்கே நிற்போம். ஒவ்வொரு லேண்டிங்குக்கும் மதிப்பெண் போடுவோம். இதுவரை யாருக்கும் பத்துக்கு ஏழுக்கு மேல் கொடுத்ததில்லை.